மைக்கின் இடப்பக்கம்

பெர்ச் கிரீக், கென்டக்கி
ஜூன் 14

அன்பு மகள் மேவிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கர்த்தர் கிருபையில் நலம், என் முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. அலாஸ்காக் குளிரில் நீயும் கம்பளிக் காலுறையோடு நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆர்வில் மாமா கண்ணை மூடிவிட்டான், இருபத்தேழு வருடம் அக்காவும் தம்பியுமாகப் பாடிய ஸ்லோன் ஜோடி என்னோடு முடியக்கூடாது, என் குரலுக்கு மேலே எழும் அவனுடைய மேல்குரல் உனக்குத்தான் வாய்த்திருக்கிறது, வேலையை விட்டுவிட்டு வா என்று போன கடிதத்தில் அழுதிருந்தேன் அல்லவா, அதைப் பற்றித்தான் இது. நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்புச் சபைகள், கூடாரக் கூட்டங்கள், ஞாயிறு வானொலி, ஒன்பது இசைத்தட்டு, எல்லாமே ஒற்றை மைக்கில் பாடியதுதான், வலப்பக்கம் நான், இடப்பக்கம் மாண்டலினோடு அவன். அவனுக்குச் சுரம் தெரியும், நேரம் தெரியாது. மூன்றாம் சரணத்தில் முழங்கையால் விலாவில் ஓர் இடி கொடுத்தால்தான் வாயைத் திறப்பான். ஜனங்கள் அதைப் பரிசுத்த ஆவியின் அசைவென்று எண்ணி அல்லேலூயா போடுவார்கள், நானும் திருத்தியதில்லை.

கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறன்று மலைமேல் கல்லறைத் தோட்டத்தில் விருந்து போட்டு மைக் வைத்தார்கள். பாஸ்டர், “வெர்னாக்கா, தனியாப் பாடிருவீங்களா?” என்றார். “பாட்டுக்கென்ன, இடிக்கத்தான் ஆளில்ல” என்றேன், சிரித்தார்கள். மூன்றாம் சரணம் வந்ததும் பழக்கதோஷம், முழங்கை தானாக இடப்பக்கம் போனது. வெறும் காற்றில் போயிருக்க வேண்டும் மேவிஸ். போகவில்லை. சட்டைத் துணி, அதற்குள்ளே விலா எலும்பு. உடனே மேல்குரல் எழுந்தது. கோழி வறுவல் தட்டோடு நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள், ஒருவர்கூட அல்லேலூயா சொல்லவில்லை.

போன ஞாயிறு சபையில் உன் சித்தப்பா டெல்பர்ட், “பேயாவது பிசாசாவது, நகருங்க மதினி, நான் பாடுறேன்” என்று அந்த இடத்தில் போய் நின்றான். அவனுக்குத் தவளைக் குரல், உனக்கே தெரியும். வாயசைத்தது அவன், வந்தது ஆர்வில் குரல். பாட்டு முடிந்தது, டெல்பர்ட்டுக்குப் பேச்சும் முடிந்தது. டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து வீடு இவ்வளவு அமைதியாய் இருந்ததில்லை என்று அவன் பெண்டாட்டி சொன்னாள், வேடிக்கையாகச் சொல்லவில்லை. நேற்றுப் பார்க்கப் போனேன். காகிதத்தை இழுத்து ஒரே ஒரு வரி எழுதிக் காட்டினான்: “மேவிஸ் எப்ப வர்றா?” உன்னைக் கூப்பிட்டதை நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, அவனிடம் எங்கே சொல்லப்போகிறேன்.

அதனால் வராதே, மகளே. நான் அழுது எழுதியதை அடுப்பில் போடு. வானொலிக்காரர்களுக்கும் இனி ஸ்லோன் ஜோடி இல்லை என்று எழுதிவிட்டேன். மாண்டலினை அப்பா வெளியே கொண்டுபோய் வைத்திருக்கிறார், எங்கே என்று நான் கேட்கவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே, பாத்திரம் கழுவும்போதுகூட வாய்க்குள் எதையும் பாடாதே. பாடிவிட்டாயென்றால், இடப்பக்கம் திரும்பிப் பார்க்காதே.

உன் அம்மா,
வெர்னா