கரிக்கலாம்பாக்கத்திலும் நின்றது

வில்லியனூர்
11.5.1978

அன்புள்ள மச்சானுக்கு,

மெஹர் எழுதுகிறேன். ஸலாம்.

பார்த்தேன். பாட்டிலைப் பார்த்தேன். மணவாளன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கியதையும் பார்த்தேன். நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். ஆனால் முழுப் பதில் இல்லை. முழுப் பதில் என்னிடம் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. பெண்டாட்டியை நலம் விசாரித்து இரண்டு வரி, மீதியெல்லாம் டிரைவர் மணவாளன். செவ்வாய்தோறும் நம் அம்பாசிடரில் உங்கள் அண்ணன், பெரிய மச்சான் கடை ஜவுளியை ஏற்றிக்கொண்டு திருக்கனூர் போகிறவன், வழுதாவூர்ப் பக்கம் நம் புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்கியதும் ஒரே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்துகிறானாம். அங்கே மதுவிலக்கு. இங்கிருந்து கொண்டுபோகும் பாட்டிலை அங்கே கைமாற்றுகிறானாம். பாய் வீட்டு வண்டியில் சாராயம் போகிறது என்று ஊர் பேசுகிறதாம். நான் பாட்டிலைப் பார்த்தேனா என்று கேட்டிருந்தீர்கள். அவனை உடனே வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, பெரிய மச்சான் பார்த்து வைத்திருக்கும் டிரைவர் சுப்பராயலுவிடம் வண்டியைக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள்.

இதைத் துபாய்க்கு யார் எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. அங்கே வெயில் எப்படி? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நீங்கள் எழுதுவதே இல்லை.

சனிக்கிழமை மணவாளனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏன் அங்கே நிறுத்துகிறாய்? “நான் எங்கம்மா நிறுத்தறேன்? அதுதாம்மா நிக்குது” என்றான். எப்போதும் ஒரே இடத்தில்தானா? “கெளம்பி இருபது நிமிஷம் ஆனா நிக்குது. எல்லை எங்க இருக்குதுன்னு அதுக்கு இன்னா தெரியும்?” திரும்பி வரும்போது நிற்பதில்லையே? “சாயங்காலம் வெயில் இல்லியேம்மா.”

பெரிய மச்சானிடம் போன மாதமே சொன்னானாம். ஓடுகிற வரைக்கும் ஓட்டுடா என்றாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். தரையைப் பார்த்தான். “சொன்னா வண்டிய வித்துடுவீங்க. அது போனா நானும் போவணும்ல.”

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். அதுதான் என்னைக் குழப்பியது. உண்மை சொல்கிறவனிடம் இத்தனை பதில் இருக்குமா? பொய் சொல்கிறவனிடம்தான் இருக்குமா?

பிறகு ஒன்று தோன்றியது. குறை வண்டியில் இருந்தால் அது எந்தச் சாலையிலும் நிற்கும். குறை அவனிடம் இருந்தால் அந்தச் சாலையில் மட்டும்தான் நிற்கும். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை, பாகூரில் உங்கள் தங்கை ரசியா வீட்டுக்குப் போகலாம் என்று மாமியைக் கிளப்பினேன். வேண்டுமென்றே பதினொரு மணி வெயிலில். மணவாளனிடம் காரணம் சொல்லவில்லை. பின் சீட்டில் கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிடம். பதினைந்து. மங்கலம் தாண்டியது. வண்டி நன்றாக ஓடியது. நிற்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். நம் வண்டி நடுவழியில் நிற்க வேண்டும் என்று யாராவது துஆ கேட்பார்களா மச்சான்?

பத்தொன்பதாவது நிமிடம் திணறியது. இரண்டு முறை குலுங்கி, கரிக்கலாம்பாக்கத்துக்கு முன்னால் நின்றது. சுற்றிலும் கரும்பு. எல்லையும் இல்லை, வேப்பமரமும் இல்லை. நான் சிரித்துவிட்டேன். மாமிக்குக் கோபம். “நடு ரோட்டுல வெந்துக்கினு நிக்கிறோம், மருமவ சிரிக்கிறா பாருடா மணவாளா” என்றார்.

அப்போதுதான் அவன் சீட்டுக்கு அடியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தான். பிராந்தி பாட்டில், லேபிள்கூடக் கிழிக்காமல். பானெட்டைத் திறந்து, என்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்பின் மேல் ஒரு துணியைப் போட்டு, பாட்டிலை அதன்மேல் கவிழ்த்தான். வாங்கி மோந்து பார்த்தேன். தண்ணீர். வேறு பாட்டிலே கிடைக்கவில்லையா என்றேன். “நம்ம ஊருல சும்மா கெடைக்கிறது வேற இன்னா பாட்டிலும்மா?” என்றான். மாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வழுதாவூரில் மரத்துக்கு எதிர் வீட்டில் கொடுத்து நிரப்பிக்கொள்வானாம். ஊர் பார்த்த கைமாற்றம் அதுவாக இருக்கலாம். பம்பின் சூடு தணிந்து, கால் மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியது.

திங்கட்கிழமை மெக்கானிக் இன்னாசிமுத்து வந்தார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, என்ஜினைச் சுற்றச் சொன்னார். குளிர்ந்திருந்தபோது பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. சூடேறிய பிறகு கடைவாயில் வழிவது போல வழிந்தது. ஆயிலை விரலில் தொட்டு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாடை. பம்புக்குள் டயாப்ரம் என்று ஒரு தாள் இருக்கிறது, மூச்சு மாதிரி ஏறி இறங்கி பெட்ரோலை இழுப்பது அதுதான். கழற்றிக் காட்டினார். வறண்டு, ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல். அதன் வழியாகத்தான் பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. பம்பின் நெம்புகோலும் தேய்ந்திருந்தது.

புது பம்பு மெட்ராஸிலிருந்து வர வேண்டும். அந்த விலை நம்மால் ஆகாது. புதுச்சேரியில் பழைய சாமான் கடையில், விபத்தில் நசுங்கிய ஒரு அம்பாசிடரின் பம்பைத் தேடிப் பிடித்து, அதில் புது டயாப்ரம் மட்டும் போட்டார். பணத்துக்குப் பெரிய மச்சானிடம் போகவில்லை. என் எம்.ஏ. பரீட்சைக்குக் கட்ட வைத்திருந்ததைக் கொடுத்தேன். அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. எழுதலாமா என்று யோசித்தேன். பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் தடிப்பாகக் கறுப்பு பேக்கிங் ஒன்று இருக்க வேண்டுமாம். என்ஜின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது அதுதானாம். நம் வண்டியில் அது இல்லை. வெறும் காகித பேக்கிங்தான் இருந்தது. சூட்டில் வெந்துதான் டயாப்ரம் போயிருக்கிறது. “கடைசியா இத யாரு கழட்டி மாட்டுனது பாயம்மா? கை தெரியாதவன் வேல” என்று சொல்லிக்கொண்டே புது பேக்கிங் வைத்தார் இன்னாசிமுத்து.

டிசம்பரில், துபாய்க்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன், நீங்கள் அந்தப் பம்பைக் கழற்றித் துடைத்து மாட்டினீர்கள். நான்தான் விளக்குப் பிடித்தேன். பனிக்காலம், ஒன்றும் தெரியவில்லை. வெயில் வந்ததும் தெரிந்தது. ஞாபகமில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மணவாளன் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கும் தெரியும். அவனும் வாய் திறக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது எளிய கடிதம்.

செவ்வாய்க்கிழமை திருக்கனூர் வண்டியில் நானும் ஏறினேன். மாமி வரவில்லை. ஜவுளி மூட்டைகளுக்கு நடுவில் பின் சீட்டில் நான், முன்னால் அவன். இதையும் யாராவது உங்களுக்கு எழுதுவார்கள். அதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

வண்டி நிற்கவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று, திணறவில்லை. வேப்பமரம் வந்தது. மரத்தடியில் ஒருவர் நின்றிருந்தார். நடுவயது, தலையில் துண்டு. நம் வண்டியைப் பார்த்ததும் ஓர் அடி முன்னால் வந்தார். வண்டி நிற்காமல் போனதும் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தேன். கையில் ஏதோ இருந்தது. செம்பாக இருக்கலாம். பையாகவும் இருக்கலாம். தூசி.

யார் அது என்று மணவாளனைக் கேட்டேன். “யாரோ பஸ்ஸுக்கு நிக்கறாரும்மா” என்றான். கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தான். டிரைவர் ரோட்டைத்தானே பார்க்க வேண்டும்.

பம்பு கெட்டிருந்தது, அதைக் கண்ணால் பார்த்தேன். அந்த மனிதரையும் கண்ணால் பார்த்தேன். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? தண்ணீர் கொடுக்கும் எதிர் வீட்டுக்காரர் என்றால் மணவாளன் அதைச் சொல்லியிருக்கலாமே. வேறு ஆள் என்றால், பாட்டிலில் தண்ணீர்தானே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீரா? இரண்டு நாளாக இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். ஒருவனை வேலையைவிட்டு அனுப்ப இது போதுமா? அவனுக்கு வீட்டில் நான்கு பேர்.

போதாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொண்டு சொல்லவில்லை. தெரியாமல்தான் சொல்கிறேன்.

உங்கள் வார்த்தையை நான் மீறியதில்லை. இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கடிதம் மட்டும்தான் கண். அது யார் எழுதிய கடிதம் என்று கொஞ்சம் பாருங்கள். நாளைக்கு என்னைப் பற்றியும் ஒன்று வரும். முடிவு செய்வதற்கு முன் என்னையே ஒரு வரி கேளுங்கள் மச்சான். அது போதும்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும் நிழலான வேலையையும் கொடுக்கட்டும்.

உங்கள்
மெஹர் நிஷா

இதை எழுதி முடிக்கும்போது சுப்பராயலு வாசலுக்கு வந்து, பெரிய மச்சான் வண்டிச் சாவி வாங்கிவரச் சொன்னதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. மணவாளனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொன்னேன்.