சுளுக்கு என்று சொன்னது

செல்ல மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு அந்த வரியை அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். நல்ல தாளை வீணாக்க மனமில்லாமல் அதிலேயே தொடர்கிறேன். நான் நலம், வீடு நலம், மிக்ஸி மட்டும் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறது. அப்பாவைப் பற்றிப் பிறகு வருகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் போய்விட்டதா என்று எழுது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா எதிரே உட்கார்ந்து சொல்லாதே சொல்லாதே என்று கையாட்டுவார், நானும் பேச்சை மிக்ஸி பக்கம் திருப்பிவிடுவேன். அதனால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதவுக்குப் பின்னால் இருந்த ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, "டவுன்பிளே பண்ணாதம்மா" என்று சொல்லிப் படக்கென்று போனை வைத்துவிட்டாய் அல்லவா? எனக்கு அந்த வார்த்தை தெரியாது, ஆனால் திட்டுகிறாய் என்று மட்டும் தெரிந்தது. அப்பாவைக் கேட்டால், "அது ஒண்ணுமில்ல, சும்மா ஏதோ ஒரு இங்கிலீஷ் வார்த்தை" என்றார். மேல்வீட்டு டீச்சரைத்தான் பிடித்தேன். ஒரு விஷயத்தை இருக்கிறதைவிடச் சின்னதாகக் காட்டுவதாம். ஆபத்துக்குச் சொல்லலாம், நஷ்டத்துக்குச் சொல்லலாம், நன்றாகப் பாடிவிட்டு "நான் என்ன பெரிசா பாடிட்டேன்" என்பவர்களுக்கும் சொல்லலாமாம். நிஜமாகவே சின்ன விஷயத்துக்கு மட்டும் சொல்லக் கூடாதாம், அங்கே குறைக்க என்ன இருக்கிறது? அப்படியென்றால் அது பொய்தானே என்றேன். "பொய்னு சொல்ல முடியாதுங்க, ஆனா கேக்கறவங்க ஏமாந்துதான் போவாங்க" என்றார். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்த வார்த்தைதான். நம் பல் டாக்டர் எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று சொல்லித்தானே எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்? ரெண்டே நாள் வேலை என்று சொன்ன பெயின்டர் இன்னும் நம் பால்கனியில்தான் நிற்கிறார். டீச்சரையே, பையன் கணக்கில் எவ்வளவு மார்க் என்று கேட்டுப்பார், "ஏதோ பரவாயில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆனால் சின்னு, எனக்குத்தான் இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக டிரைகிளீனிங் கடையில் துணி வாங்கிப் போடுகிறேன். கறையோடு வருகிறவர்களில் ஒருவராவது இருக்கிற அளவைச் சொன்னதில்லை. ஒரு வக்கீல் வெள்ளைச் சட்டையை நீட்டி, லேசா டீ பட்டுடுச்சு என்றார். டீயென்று நம்பி நாங்கள் செய்ததையெல்லாம் செய்தோம். கடைசியில் பார்த்தால் அது மேஜைக்கு அடிக்கிற வார்னிஷ், அதுவும் பத்து நாள் பழசு. சூடு பட்டு ஒரேயடியாக ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு முதலாளி ஒரு சீட்டு அச்சடித்தார். என்ன கறை, எப்போது பட்டது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, மூன்றையும் எழுதாமல் துணியை உள்ளே அனுப்பக் கூடாது. ஊரார் துணிக்கெல்லாம் சீட்டு எழுதுகிற நான், பெற்ற பெண்ணுக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், நிதானமாகப் படி.

என்ன: சுளுக்கு இல்லை. ரிப்பேர் வேலைக்கு லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கி அப்பா பத்தடி கீழே விழுந்தார். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்து ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். எப்போது: உன்னிடம் சுளுக்கு என்று சொன்ன அதே செவ்வாய்க்கிழமை. எவ்வளவு: இன்னும் ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது, அதற்குப் பிறகு நடப்பார், ஆனால் ஏணி ஏறுகிற வேலை இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதில் கூத்தைக் கேள். ஆஸ்பத்திரி வாசலில் வலி எப்படி என்று கேட்ட டாக்டரிடம் இந்த மனுஷன், "லேசாதாங்க, பரவால்ல" என்று சிரித்திருக்கிறார். அவரும் நம்பி, ஜலதோஷக்காரர் ஒருவருக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் முப்பது வருஷமாக "ஒண்ணுமில்ல, சின்ன ரிப்பேர்தான்" என்று சொல்லிச் சொல்லி, வாய் அப்படியே பழகிவிட்டது.

நீ அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தாய். சுளுக்குக்கு யாராவது விமானம் ஏறுவார்களா என்று கேலி செய்து அதை வாபஸ் வாங்க வைத்தவள் நான்தான். அப்பா மேல் கோபப்படாதே, இதில் எனக்குத்தான் பெரிய பங்கு. உன் வேலை கெடக் கூடாது என்று நினைத்தேன். கம்பெனியில் அவருக்குப் புகார் போனை எடுக்கிற நாற்காலி தருகிறார்கள். ஏசி ரூம், ராஜா மாதிரி உட்காரப்போகிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் ஜோக் அடிக்கிறார், நானும் சிரிக்கிறேன். வியாழக்கிழமை பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன், தட்டவில்லை. எனக்கு பயமாக இருக்கிறது சின்னு, அவரை ஒற்றையாளாகச் சிரிக்க வைக்க என்னால் முடியவில்லை. வழக்கமாக "முடிந்தால் வா" என்று எழுதுவேன், நீயும் பார்க்கிறேன் என்பாய். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை. வா.

ஒட்டுவதற்கு முன்னால் அவரையும் படிக்கச் சொன்னேன். "இவ்ளோ பெருசாவா எழுதறது" என்றார். இருக்கிற அளவுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். வழக்கம்போல அவருக்கு அடியில் இடம் விட்டிருக்கிறேன். நீ நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கும் ஏதாவது "லேசாக" இருந்தால் சீட்டு எழுதி அனுப்பு.

என்றும் உன் நினைவாக,
அம்மா

அப்பா எழுதுவது. எனக்கு ஒன்றுமில்லை, நீ வேலையைப் பார் என்று எழுதி, நானும் அடித்துவிட்டேன். சீக்கிரம் வாம்மா.