கீரைப்பாத்தியில் நொய்

17-2-44, வியாழன்

போதும். பாகம் பிரித்து ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி இந்த நோட்டிலாவது உள்ளதை எழுதுகிறேன்.

தம்பி ஏகாம்பரத்துக்கு நஞ்சை முழுவதும். எனக்குப் பாதி வீடும் இந்தக் கொல்லையும். அன்று கேட்டதற்கு, "ஒங்க பங்கைத்தான் திருச்சி காலேஜிலயே தின்னு தீத்துட்டீங்களேண்ணே" என்றான். பஞ்சாயத்தே சிரித்தது. இப்போது வாத்தியார் வேலையும் போய் இரண்டு வருஷமாகிறது.

கொல்லையைக் கொத்தி இன்று விதைத்தேன். வெண்டையும் கொத்தவரையும் விரற்கணு ஆழத்தில் ஊன்றினேன். கீரை விதையை மணலில் கலந்து தூவி, துடைப்பத்தால் மேல்மண்ணைத் தடவிவிட்டேன். ரேஷன் அரிசியை நம்ப முடியவில்லை. இது பிடித்தால் சித்திரை வரை ஓட்டிவிடலாம்.

எறும்பு விதையைத் தூக்காமலிருக்கப் பாத்தியைச் சுற்றி ஒரு பிடி நொய்யரிசி தூவுவார்கள். எறும்பு நொய்யோடு போய்விடும், விதையைத் தொடாது. மனைவி சீதையிடம் கேட்டேன்.

"மனுசனுக்கே நொய்யக் காணோம். எறும்புக்கு விருந்து வைக்கப் போறீங்களாக்கும்."

20-2-44

எறும்பு. காலையிலிருந்து வரிசை அறவில்லை. கீரை விதை அவ்வளவும் போயிற்று.

25-2-44

வெண்டை பத்துக்கு மூன்றுதான் முளைத்தது. மற்றவை செம்மண் இறுகி உள்ளேயே செத்திருக்கும். கீரைப்பாத்தி மொட்டை.

வேலிக்கு அங்கிட்டு ஏகாம்பரத்தின் கீரை இரண்டு இலை விட்டிருக்கிறது. அவன் மனைவி ஆவுடையாள் புதிதாக ஒரு பாத்தி விதைத்துச் சுற்றிலும் வெள்ளையாக எதையோ தூவினாள். அவள் உள்ளே போனதும் வேலிக்குள் கைவிட்டு எடுத்துப் பார்த்தேன். சாம்பல் இல்லை. நொய்.

ஊரே கேழ்வரகைக் கரைத்துக் குடிக்கிறது. எறும்புக்கு நொய் போடுகிற வீட்டில் என்ன இருக்கும்? கணக்குக் காட்டாத நெல் இருக்கும். வேறென்ன?

28-2-44

நேற்றிரவு நெல் தணிக்கை அதிகாரிக்கு ஏகாம்பரத்தின் மேல் மனு எழுதி முடித்தேன். ஒரே பக்கம், ஒரு அடித்தல் இல்லை. வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

2-3-44

மனுவைச் சீதைக்குப் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இத அனுப்பாதீங்க."

"ஏன்?"

"நெல்லப் பதுக்குனாருன்னு பக்கத்தூரு ஆண்டியப்பன மூணு மாசம் உள்ள வச்சிருந்தாகளே, மறந்துபோச்சா?"

"சட்டம் அவனுக்கும் உண்டு."

எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள். "ரேஷன் கடையில அரிசி போட்டு ஒரு மாசமாச்சுங்க. நீங்க குடிக்கிறது அவுக வீட்டு அரிசி. ஆவுடைதான் மடியில கட்டியாந்து குடுக்குறா."

"அவனுக்குத் தெரியாமலா?"

"அவுக குடுக்கச் சொல்லித்தான். 'அண்ணனுக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா குடிக்க மாட்டாரு'ன்னாகளாம்."

"அப்புறம் எறும்புக்கு ஒரு பிடி இல்லையென்றாயே?"

"அடுத்தவ மடியப் பிடிச்சு வாங்கின அரிசிய மண்ணுல எறைக்கவாங்க?"

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை.

3-3-44

சாப்பிடவில்லை. எனக்குப் பிச்சை போடுகிறான். அதையும் என்னிடமிருந்து மறைத்துப் போடுகிறான். பஞ்சாயத்துச் சிரிப்பே மேல். திருடன் என்று நினைத்திருந்தவரைக்கும் அவனைச் சகித்தேனே — இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

4-3-44

சாப்பிடவில்லை. சீதையும்தான். சாயந்திரம் தண்ணீர் இறைக்கையில் அவளுக்குக் கிறுகிறுத்துவிட்டது.

5-3-44

கஞ்சி குடித்தேன். உப்புப் போதவில்லை என்றேன். அவள் உப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

6-3-44, திங்கள்

மனுவை நான் கிழித்துவிட்டதாகச் சீதை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

விடியுமுன் இடக்கையால் புதிதாக எழுதினேன். முதலில் எழுதியதன் கீழே பெயர், பட்டம், விலாசம் எல்லாம் இருந்தன. "நீ அதில் தின்றாயா?" என்று அதிகாரி கேட்டால்? தெரியாமல் தின்றேன் என்று சொல்ல நேற்றுக் காலை வரை வழி இருந்தது.

நெல்லை எடுத்துப் போனால் இந்த வீட்டு அடுப்பும் அணையும். தெரியும். இரவெல்லாம் அதைத்தான் யோசித்தேன்.

"எங்கிட்டுக் கெளம்பிட்டீங்க?" என்றாள். ஆலங்குடிக்கு, கீரை விதை வாங்க என்றேன். "வெயிலுக்கு முன்னால திரும்பிருங்க" என்று நீராகாரம் எடுத்துவரப் போயிருக்கிறாள்.

குடித்துவிட்டுப் போகிறேன். இங்கே போட்டால் தபால்காரருக்குத் தெரியும், அங்கே போட்டுவிடுகிறேன். கையெழுத்தில்லாமல்.