தூரத்துக் கடற்கரை

என் வீட்டு மகாராணிக்கு,

எழுப்பாமல் கிளம்பியதற்குத் திட்டாதே. உன் தங்கை கூட இருக்கிற தைரியத்தில், விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து, நீ ஆசைப்பட்ட அந்தத் தூரத்து விடுதிக்கு வந்துவிட்டேன்.

டவுனுக்குள் இருந்தால் எல்லாம் கைக்கெட்டும் என்று அடம்பிடித்து இப்போதைய விடுதியை எடுத்தவன் நான்தான். எல்லாம் என்று நான் எதைச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். கல்லும் குப்பையுமாகக் கிடந்த கரையை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "பரவால்லைங்க, அலைச் சத்தமாவது கேட்குதே" என்றாய். அந்த வார்த்தை என்னை இரண்டு நாளாகக் குடைகிறது.

இங்கே மணல் மாவு மாதிரி இருக்கிறது. அலை அடங்கிய கடல். கையைப் பிடித்துக்கொண்டால் முழங்கால் ஆழம் வரை நீ தாராளமாக நடக்கலாம்.

மேலாளரிடம், "ஒரு அவசரம்னா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணி நேரமாவது ஆகும் சார்."

இருந்தாலும், படி ஏறத் தேவையில்லாத அறை ஒன்றைப் பிடித்து வைத்தேன். டவுனில் நீ இருக்கிற அறையையும் காலி செய்யவில்லை.

எது வேண்டும் என்று நீ சொல். டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். வருவதானால், இந்தக் கடிதம் கொண்டுவரும் விடுதி வேனிலேயே மருந்துப் பையோடு இருவரும் ஏறிக்கொள்ளுங்கள். வாசலிலேயே நிற்கிறேன்.

இத்தனை நாளும் உன்னைக் கேட்காமலே உனக்காக முடிவெடுத்த,
உன் வீட்டுக்காரன்