மூன்றாவது கூப்பாட்டுக்கு முன்னால்

ஊர்ப்பட்ட பேரையெல்லாம் உரக்கக் கூப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் குரலே எழும்பாமல் பேசிய என் அன்பு அப்பாவுக்கு,

நல்ல சேதியோடு எழுதுகிறேன். ஏழு வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் போன செவ்வாய்க்கிழமை இறங்கிவிட்டது. அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

முதலில் வீட்டு விஷயம். அம்மா நன்றாக இருக்கிறாள். டிவியில் படம் பார்க்கிறாள், சண்டைக் காட்சி வந்தால் மட்டும் எழுந்து போய் அரிசி களைகிறாள். அவளுடைய பென்ஷனுக்கு ஒரு கையெழுத்து வாங்கத்தான் நீங்கள் காலமெல்லாம் டவாலியாக நின்ற கோர்ட்டுக்குப் போனேன்.

டவாலி என்றால் என்னவென்று இதை வாசிக்கிற வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தோளில் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று, கேஸ் எடுத்ததும் சம்பந்தப்பட்டவர் பேரை மூன்று தடவை கூப்பிடுகிறவர். மூன்றுக்கும் ஆள் வராவிட்டால் வாரண்டு போட்டுவிடுவார்கள். வேலை அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

நான் மெட்ராஸில் காமெடி டிராக் எழுதப் போனது உங்களுக்குத் தெரியும். அது எப்படி நடக்கும் என்று உங்களிடம் விளக்கமாகச் சொன்னதில்லை. கதை வேறொருவருடையது. "பேய்ப் படம், இருபது நிமிஷம் சிரிப்பு வேணும்" என்று மட்டும் நமக்குச் சொல்வார்கள். நாலே நாளில் தனியாக எடுத்து நடுநடுவே ஒட்டிவிடுவார்கள். எந்த வகைப் படமானாலும் அப்போது என்னிடம் இருந்த ஒரே சரக்கு நீங்கள்தான்.

பேய்ப் படத்தில் என் டவாலி செத்துப்போன சாட்சியைக் கூப்பிட்டார். சாட்சி சுவருக்குள்ளிருந்து வந்து கூண்டில் ஏறியது. அதுவரை பயந்து கிடந்த ஜனம் அப்பாடா என்று சிரித்தது. குடும்பப் படத்தில் அதே டவாலி மாமியார் மருமகள் சண்டைக்கு நடுவே நின்று பேர் கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்த பெண்கள் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தார்கள். இந்த இரண்டுக்கும் நீங்களும் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள், தெருவில் எல்லோரிடமும் கதை சொன்னீர்கள்.

மூன்றாவதாக வந்தது போலீஸ் படம். அதில் டவாலி மூன்று கூப்பாட்டையும் ஒரே மூச்சில் முடிப்பார். காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்பது மாதிரி பாவனை செய்துவிட்டு, "ஆள் இல்லீங்கய்யா" என்பார். அப்போதுதான் படியில் கால் வைத்த, ஏர் பிடிக்கிற ஒரு ஏழைச் சம்சாரிமேல் வாரண்டு விழும். கோர்ட்டைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டாய் என்று டைரக்டர் என் முதுகில் தட்டினார். நையாண்டியில் ஆள் கெட்டி என்று பேரும் கிடைத்தது.

அந்தக் காதுப் பக்கத்துக் கை உங்களுடையது. நடிகருக்கு நானே செய்து காட்டிப் பழக்கினேன்.

பொங்கல் லீவில் உங்களை ராஜபாளையத்தில் மேட்னிக்குக் கூட்டிப்போனேன். அந்தக் காட்சி வந்ததும் தியேட்டரே அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருத்தர், "ஏலே, நம்ம டவாலிய்யா மாதிரியே பண்ணுதாம்லே!" என்று கத்தினார். பெருமையோடு உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடி உதட்டுக்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தீர்கள். வெளியே வந்ததும், "டீ குடிக்கியா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அந்தப் படத்தைப் பற்றி அதற்குப் பிறகு நீங்கள் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நாளில் ரிட்டயர் ஆனீர்கள், அடுத்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். பெற்ற தகப்பனை ஊரே பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டிருக்கலாம்தான். கேட்டு, ஆமாம் என்று நீங்கள் சொல்லிவிட்டால்? அதற்குப் பயந்தேன். கோர்ட் சீன் எழுதுவதையே விட்டேன். இரண்டு வாய்ப்பு அதனாலேயே கை நழுவிப் போனது.

செவ்வாய்க்கிழமை உங்கள் சிநேகிதர் டைப்பிஸ்ட் கோமதிநாயகம் மாமாவைப் பார்த்தேன். கையெழுத்து வாங்கித் தந்துவிட்டு எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். அங்கே வைத்துத்தான் பேச்சு வந்தது.

"ஏன் மாப்ளே, இப்ப கோர்ட்டுக் காமெடியே எழுத மாட்டேங்க?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஒங்கப்பாவுக்கா வருத்தம்? அடுத்த சனிக்கிழமையே எங்க ஆபீஸ் ஆளுக அம்புட்டுப் பேரையும் அந்தப் படத்துக்கு இழுத்துட்டுப் போனாவ. எம்மவன் எழுதுனது, எம்மவன் எழுதுனதுன்னு தியேட்டர்ல ஒருத்தரையும் படம் பாக்க விடல."

"பொறவு ஏன் மாமா அன்னைக்குச் சிரிக்கல?"

"ஒரே ஒரு கொறதான் சொன்னாவ. பேய்ப் படத்துல வேகமாக் கூப்பிட்டது சரி நாயகம், பேய்க்குப் பஸ்ஸா வேணும், ஒரு கூப்பாட்டுக்கே வந்துரும். இது போலீஸ் படம், உசுரோட இருக்க ஆளு. மூணையும் ஒரே மூச்சுல கூப்பிட்டா சேத்தூர் பஸ்ல வாரவன் எப்படி வந்து சேருவான்? அப்படின்னாவ."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். முதல் கூப்பாடு போட்டதும் நீங்கள் பட்டையைச் சரிசெய்வீர்களாம். இரண்டாவது போட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் கை வைத்து, ரோட்டுப் பக்கம் கேட்பீர்களாம். பஸ் வந்து நிற்கிறதா, யாராவது "இந்தா வாரேன்யா" என்று ஓடி வருகிறார்களா என்று. உள்ளேயிருந்து ஜட்ஜய்யா, "என்னப்பா ஆச்சு?" என்றால் செத்த நேரம் இருமுவீர்களாம். அதற்கு அப்புறம்தான் மூன்றாவது.

"அந்த இருமல்ல எத்தன பேரு வாரண்டுக்குத் தப்பிச்சிருக்கான் தெரியுமா? சோழபுரத்துச் சம்சாரிக அவியள இருமல் டவாலின்னுதான் சொல்லுவாவ."

"இத எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே மாமா."

"நானும் சொன்னேன். புள்ள பொழைக்கிற பொழப்பு, அதுல போயி நாம நொட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாவ."

அப்பா, அந்த இடத்தில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தியேட்டரில் நீங்கள் எண்ணியது அவமானத்தை அல்ல, கூப்பாட்டுக்குக் கூப்பாடு அந்த நடிகர் இடைவெளி விடாமல் போன நேரத்தை. ஆள் வருவதற்காக நீங்கள் வைத்த கையை, ஆளைத் துரத்துகிற கையாக எழுதிவிட்டேன். பேய்ப் படத்தில் அது வெறும் வேடிக்கை. போலீஸ் படத்தில் ஒரு ஏழைமேல் வாரண்டு விழ, ஜனம் கைதட்டியது. கோர்ட்டைக் கேலி செய்வதாக நினைத்து, அங்கே கொஞ்சம் ஈரத்தோடு இருந்த ஒரே ஆளைக் கேலி செய்திருக்கிறேன். தப்பு தப்புதான். ஆனாலும் நீங்கள் மனம் நொந்து போகவில்லை என்று தெரிந்தபின், அந்தத் தப்பைச் சுமப்பதுகூட எனக்கு லேசாக இருக்கிறது. நேற்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "அவரு வீட்லயும் அப்படித்தான் இருமுவாரு. நான் சேலை மாத்தி வர வரைக்கும் வாசல்ல நின்னு இருமிக்கிட்டே இருப்பாரு" என்றாள்.

இப்போது ஒரு குடும்பப் படத்துக்குக் கோர்ட் சீன் கேட்டிருக்கிறார்கள். சரி என்று தந்தி அடித்துவிட்டேன். சிரிப்பு இருக்கும் அப்பா, நிறையவே இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நெளிகிற வக்கீலைப் பார்த்துச் சிரிப்பார்கள். டைரக்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி, பஸ்ஸிலிருந்து இறங்கிய மனுஷன் ஓடி வந்து படியேறி மூச்சு வாங்கி நிற்கிற வரைக்கும், என் டவாலி மூன்றாவது தடவை வாயைத் திறக்க மாட்டார். இது சத்தியம்.

ஒரே கூப்பாட்டுக்கு ஓடி வந்திருக்க வேண்டிய
உங்கள் மகன்,
முருகேசன்