கால்காப்பு ஏலம்

வெள்ளிக்கிழமை.

நான் நோயில் கிடந்தபோது, சுகமாகி எழும்பினால் தன் பரம்பரை வெள்ளிக் கால்காப்பைப் பள்ளிவாசலுக்குக் கொடுப்பதாக என் பெண்சாதி நேர்ந்திருந்தாள். நான் எழும்பிவிட்டேன். அவள்தான் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாள். இன்று ஜும்ஆத் தொழுகை முடிய, வழக்கம்போல் பள்ளி முற்றத்தில் நான்தான் காப்பை ஏலம் கூறினேன். ஏலம் கூறுகிறவன் தனக்கென்று விலை கேட்கக் கூடாது.

பழஞ்சாமான் வாங்கும் ஒருவர் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல பழைய வேலைப்பாடு காக்கா. உள்பக்கம் தேஞ்சிருக்கு. ஆருட கால்ல கிடந்த?”

“சொன்னா மனிசியையும் சேத்துத் தாங்க எண்டு கேப்பீங்க தம்பி!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று தரம் கூறி அவரிடமே கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இருந்தேன். இப்படி நான் பகிடி விட்டு வந்தால், “உங்கட வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்” என்று அவள் ஏசுவாள்.

இன்று ஏச ஆளில்லை.