வறண்ட கிணற்றுக்கு ஒரு சைபர்

இன்று காலை உன் அளவு நாடாவைப் பைக்குள் வைத்தபோது விரலில் செம்மண் ஒட்டியது. நுனியில் நீ கட்டிய இரும்புக் குண்டில் உன் ஊர் செந்துறைப் பக்கத்து மண் இன்னும் போகவில்லை. "ஆபீஸ் சாமான், திருப்பிக் குடுத்துடணும்" என்று உன் வீட்டுக்காரர் உன் காரியம் முடிந்த மறுநாளே பெரம்பலூருக்குப் பஸ் ஏறி வந்து என்னிடம் தந்துவிட்டுப் போனார். ஆபீஸுக்கு நான் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

உனக்கு வெயில், எனக்கு ஃபேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அப்படித்தான் பிரிந்தது. நீ ஊர் ஊராக வண்டியில் போய், கிணறு கிணறாக நாடாவை இறக்கி, எத்தனை அடி தண்ணீர் என்று போனில் பதிவு செய்வாய். அது ஆன்லைன் தரவுத்தளத்தில் போய் உட்காரும். அங்கிருந்து, எல்லா ஊர் அளவுகளும் ஒன்றுசேரும் தரவுக் கிடங்குக்கு வழி போட்டவள் நான். ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. திரையில் இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்குக் கோடு இழுத்துவிட்டால் போதும், தினமும் மாலை ஆறு மணிக்குத் தானாக ஓடும். குரும்பலூரில் பி.காம். படித்தவளா இதைச் செய்தாள் என்று எல்லோரும் கேட்டபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நீகூட மிக்சர் பொட்டலம் வாங்கி வந்தாய்.

கோடையில் எந்த ஊருக்குத் தண்ணீர் லாரி அனுப்புவது என்று நம் தொண்டு நிறுவனம் அந்தக் கிடங்கைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். போன கோடையில் நீ அளந்த ஊர் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. அதோடு விட்டார்களா? பதினோரு கிணறுகளுக்கு அளவே வரவில்லை, போகாமலேயே ஏமாற்றிவிட்டாய் என்று உனக்கு மெமோ வேறு.

மெமோவோடு நேரே என் மேசைக்கு வந்தாய். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஏண்டி, கெணத்துல தண்ணி இல்லேன்னு நான் சைபர் போட்டா, நான் கெணத்துக்கே போவலேன்னு உன் மிஷினு சொல்லுதே?"

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. கோடு இழுத்தபோது ஓரத்தில் ஒரு டிக் போட்டிருந்தேன்: காலியாக இருப்பதையும் சைபரையும் விட்டுவிடு. அறிக்கை சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். வறண்ட கிணறெல்லாம் உதிர்ந்துபோய், தண்ணீர் இருந்த இரண்டு மூன்றை மட்டும் வைத்து, ஊரே செழிப்பு என்று காட்டியிருக்கிறது. தப்பு என்னுடையது. மேலாளரிடம் போய்ச் சொல்லத்தான் பயம். பார்த்துச் சொல்கிறேன் என்று உன்னை அனுப்பிவிட்டேன். வெட்கக்கேடு.

அடுத்த வாரம் உனக்கு மஞ்சள்காமாலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேறு எதையும் கேட்கவில்லை. "பாத்தியாடி?" என்று மட்டும் கேட்டாய். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

உன் காரியத்துக்கு வந்தேன். பந்தி முடிந்து பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை. உன் நாத்தனார் இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடம் சுமந்து வந்தாள். மறுநாள் டிக்கை எடுத்தேன். அதோடு நிற்கவில்லை, பழைய பதிவுகள் அத்தனையையும் முதலிலிருந்து ஓடவிட்டேன். நீ போட்ட ஒவ்வொரு சைபரும் நீ போட்ட தேதியோடும் நேரத்தோடும் கிடங்கில் வந்து உட்கார்ந்தது.

மேலாளர் கூப்பிட்டார். அனுப்பி முடித்த அறிக்கையெல்லாம் மாறுகிறதே, நன்கொடை தருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், பழையபடி வைத்துவிடு என்றார். பூசி மெழுகுகிற வேலை.

"வைக்க மாட்டேன் சார். டிக் போட்டது நான். அந்த மெமோவ என் பேருக்குக் குடுங்க."

கொடுத்தார்கள். உன் மெமோவைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றார்கள். கிழித்துவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடாதா? அதன் கீழேயே, தவறு அளந்தவருடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை நான் அந்த அறையை விட்டு நகரவில்லை. கோடை முடியும் முன் உன் ஊருக்கு லாரி வந்தது. உனக்குத்தான் தாமதம். அதற்குச் சாக்குச் சொல்லப்போவதில்லை.

உன் இடத்துக்கு ஆள் போடவில்லை. அந்தக் கிணறுகளை விட்டுவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நானே போகிறேன், வெயில் எனக்கும் உறைக்கட்டும்.

இன்று உன் தெருக்கோடிக் கிணற்றில் நாடாவை இறக்கினேன். குண்டு கல்லில் மோதிய சத்தம் மேலே வரை கேட்டது. போனில் சைபர் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி தாண்டியதும் கிடங்கைத் திறந்தேன். செந்துறை வரிசையில், உன் கிணற்றுக்கு நேரே, அந்தச் சைபர் வந்திருந்தது.

பாத்தியாடி என்று கேட்டாயே. பார்த்துவிட்டேன்.